பழைய பிக்கப்பில் தேய்ந்த புஷ் மாற்றுவது: ரப்பரா, பாலியா, முழு ஆர்மா?

பிரேக்கில் கால் வைத்ததும் முன்பக்கத்தில் "டொக்" என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் இன்னொன்று. நேர் ரோட்டில்கூட ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. டயரைப் பார்த்தால் உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கிறது. பதினைந்து இருபது வருடம் ஓடிய பிக்கப்பில் இவை சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் சஸ்பென்ஷன் புஷ் மேல்தான், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இரும்புக்கு நடுவே மெத்தை போல உட்காரும் வளையத்தின் மேல்தான், போக வேண்டும். முன்னால் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல், கீழ் ஆர்ம்களும் பின்னால் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) உள்ள இலகுரக வண்டியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். பெரிய லாரிகளில் பட்டையின் முனையில் சுருட்டியிருக்கும் கண்ணில் வெண்கல புஷ், பின், கிரீஸ் நிப்பிள் என்று வேறு ஏற்பாடு இருக்கும். அது தனி வேலை.

ரப்பர் போடலாமா, பாலியூரித்தேன் போடலாமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: அந்த மூட்டு எப்படியெல்லாம் அசைகிறது? பழைய புஷ்ஷைக் கையில் இருக்கும் கருவியை வைத்து வெளியே எடுக்க முடியுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பொருள் என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். வண்டி முழுக்க ஒரே வகைதான் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இடத்துக்கு ஒன்றாகக் கலந்து போடுவதே நல்லது.

எது போயிருக்கிறது?

ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் உடனே புஷ் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். ஓசோனும் வெயிலும் பட்ட பழைய ரப்பர் எல்லாம் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது, நடுவில் போல்ட் போகும் ஸ்லீவை விட்டு ரப்பர் பிரிந்திருக்கிறதா என்பதைத்தான். வண்டியைச் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நெம்புகம்பியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்து, கம்பியை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் வந்தாலோ, போல்ட் தலை வட்டத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாலோ அந்த புஷ் முடிந்தது. ரப்பர் பஞ்சு போல ஊதியிருந்தால் மேலே எங்கோ எண்ணெய் ஒழுகுகிறது. அந்தக் கசிவை அடைக்காமல் புதிய ரப்பர் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

இதே சோதனையில் பால் ஜாயிண்டையும், அதாவது ஆர்மின் வெளிமுனையில் சக்கரப் பக்கத்தைப் பிடிக்கும் உருண்டை மூட்டையும், பார்த்துவிடுங்கள். புஷ் மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா என்ற முடிவு அதில்தான் இருக்கிறது.

ரப்பர்

கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் புஷ்ஷில் மூன்று அடுக்கு. நடுவே இரும்பு ஸ்லீவ், வெளியே ஆர்மின் துளைக்குள் இறுகி உட்காரும் இரும்புக் கூடு, இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பரை இரண்டு இரும்போடும் வல்கனைஸ் செய்து ஒட்டியிருப்பார்கள். போல்ட்டை இறுக்கியதும் ஸ்லீவ் பிராக்கெட்டோடு ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு அது சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு பிறகு தளர்கிறது. எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. அதனால் கிரீஸ் தேவையில்லை, கீச்சுச் சத்தம் இல்லை, சேறு உள்ளே புக வழியும் இல்லை.

இதன் இன்னொரு பலம் அதிகம் பேசப்படுவதில்லை. ரப்பர் விட்டுக்கொடுப்பது சுழற்சிக்கு மட்டுமல்ல. சாய்வதற்கும் முன்பின்னாக நகர்வதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்கும். குழியில் விழும்போது சக்கரம் சற்றே பின்வாங்கி அடியை வாங்கிக்கொள்வது இதனால்தான். சில கீழ் ஆர்ம் புஷ்களில் ரப்பருக்குள் அவரைக்கொட்டை வடிவில் இரண்டு வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரு திசையில் இளகலாகவும் மறுதிசையில் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. பழையதைக் கழற்றும் முன் அந்த வெற்றிடம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஆர்மிலேயே ஆணியால் கீறி வையுங்கள். திருப்பிப் போட்டுவிட்டால் புஷ் புதிதாகவே இருக்கும், வண்டி மட்டும் பிரேக்கில் இழுக்கும்.

ரப்பரின் தீமை, அது எண்ணெய்க்கும் சைலன்சர் சூட்டுக்கும் ஆகாது என்பது. மலிவான நகல்களில் முதலில் விடுவது ஒட்டுதான். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி எங்காவது தெரிந்தால் வாங்காதீர்கள்.

பாலி

பாலியூரித்தேன் கடினமானது. ரப்பர் புஷ் பொதுவாக, கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 70 வரை இருக்கும்; சஸ்பென்ஷனுக்கு வரும் பாலி 80 முதல் 95. ஆனால் வித்தியாசம் கடினத்தில் மட்டும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வேலை செய்யும் விதமே வேறு. பாலி எந்த இரும்போடும் ஒட்டியிருக்காது. ஸ்லீவ் அசையாமல் நிற்கும், பாலி அதன்மேல் வழுக்கிச் சுழலும். உரசி ஓடும் பேரிங் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கிரீஸ் கட்டாயம், அதுவும் செட்டோடு கொடுக்கும் பிசுபிசுப்பான சிலிகான் வகை. சாதாரண சேஸிஸ் கிரீஸ் மழைத்தண்ணீரில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்ச நாளில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கட்டில் கிரீச்சிடுவது போல வண்டி முனகும். நிப்பிள் இல்லாத செட் என்றால் திரும்ப கிரீஸ் வைக்கப் போல்ட்டைக் கழற்றியாக வேண்டும்.

வீட்டில் செய்பவருக்கு பாலியின் பெரிய வசதி, அது இரண்டு பாதியாக வருவது. இரண்டு பக்கமிருந்தும் கையால் அழுத்தி, வைஸில் வைத்து ஸ்லீவை நுழைத்தால் முடிந்தது, பிரஸ் வேண்டாம். எண்ணெய் பட்டாலும் ரப்பர் போல ஊதாது. பிரேக் போடும்போது ஆர்ம் நகர்வது குறைவதால் ஸ்டீயரிங் கூர்மையாகத் தெரியும். ரோட்டின் ஒவ்வொரு பொடிக்கல்லும் கேபினுக்குள் தெரியும் என்பதும் அதே கூர்மையின் மறுபக்கம்.

வாங்குவதற்கு முன் செட்டின் குறிப்பைப் படித்து ஒன்றை உறுதி செய்யுங்கள். சில பாலி செட்டுகள் பழைய புஷ்ஷின் வெளிக்கூட்டையே திரும்பப் பயன்படுத்தும். அது தெரியாமல் கூட்டை அறுத்து எறிந்துவிட்டு, புது பாலி துளைக்குள் தொளதொளவென்று ஆடுவதைப் பார்த்து நிற்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, போடுவதற்கு முன் ஸ்லீவின் நீளத்தை அளந்து பாருங்கள். கூடியிருக்கும் பாலியைவிட ஸ்லீவ் அரை மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டின் இறுக்கம் ஸ்லீவில் விழும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் இறுக்கம் முழுக்க பாலியை நசுக்கும்; ஆர்ம் சுழலவே சிரமப்படும்.

பாலி ஒத்துவராத இடமும் இருக்கிறது. ஒரே அச்சில் மட்டும் சுழலும் மூட்டுக்கு அது பொருத்தம். சுழன்றுகொண்டே சாயவும் வேண்டிய மூட்டில், காயில் (சுருள்) ஸ்பிரிங்கோடு பின் ஆக்சிலைப் பிடிக்கும் நீளக் கைகளில் இருப்பது போல, பாலி இடம் கொடுக்காது. கொடுக்க வேண்டிய இடத்தை வேறு ஏதாவது கொடுக்கும்; பெரும்பாலும் பிராக்கெட் வெல்டிங். பந்தய வண்டிகளுக்கு வரும் உருண்டை இரும்பு மூட்டுகள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தினசரி ஓடும் பழைய வண்டிக்கு அது வேண்டாம். தூசியில் சீக்கிரம் தேயும், சத்தமும் தாங்காது.

முழு ஆர்ம்

புஷ்ஷும் பால் ஜாயிண்டும் பொருத்தியே வரும் முழு ஆர்மை வாங்கினால் பிரஸ் வேலை முழுவதும் மிச்சம். பால் ஜாயிண்டும் ஆடினால், ஆர்மின் தகடு துருவில் பொரிந்திருந்தால், அல்லது உங்கள் வண்டிக்குக் கீழ் ஆர்ம் புஷ் தனியாகக் கிடைக்கவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், முழு ஆர்ம்தான். ஆர்ம் நல்ல கனத்தில், பால் ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால் கணக்கு மாறுகிறது. பழைய வண்டியோடு வந்த ஆர்மின் இரும்பு பெரும்பாலும் இப்போது மாற்றாக வரும் மலிவு ஆர்மைவிடத் தடிமன். அதை எறிந்துவிட்டு மெல்லிய தகட்டைப் போடுவது வருத்தமான காரியம். அப்படிப்பட்ட ஆர்முக்கு நல்ல புஷ் வாங்கி அழுத்துவதே மேல்.

புது ஆர்ம் வந்ததும் பழையதன் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். இரண்டு புஷ் துளைக்கும் நடுவே ஒரு நேர்க்கம்பியை நுழைத்து, அந்தக் கம்பியிலிருந்து பால் ஜாயிண்ட் தண்டின் நடுவுக்கு அளவெடுங்கள். இரண்டிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலே அலைன்மெண்ட் கொண்டுவரப் பாடுபட வேண்டியிருக்கும். தண்டின் சரிவும் நட்டின் மரையும் பழையதைப் போல இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முழு ஆர்ம் வாங்கினால் துருவோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கீழ் ஆர்மை சேஸிஸில் பிடிக்கும் கேம் போல்ட் (திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்) ஸ்லீவுக்குள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், எந்த வழியில் போனாலும் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புது கேம் போல்ட், வாஷர், நட் ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். கழற்றுவதற்கு முன் கேம் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் திரும்ப வைத்தால் அலைன்மெண்ட் செய்யும் இடம் வரையாவது வண்டி ஒழுங்காக ஓடும்.

பழைய புஷ்ஷை எடுப்பது

செலவும் நேரமும் எலும்பு வலியும் இங்கேதான் இருக்கின்றன.

ஆர்மைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கின் விசையை இறக்கியாக வேண்டும். காயில் ஸ்பிரிங் என்றால் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி, ஸ்பிரிங்கில் கம்ப்ரஸர், அதற்கும் மேலே சேஸிஸோடு சேர்த்து ஒரு சங்கிலி. டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி) என்றால் சரிசெய்யும் போல்ட்டில் வெளியே தெரியும் மரையை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு, பாரிலும் அதன் முனையைப் பிடிக்கும் கொக்கியிலும் நேராக ஒரு கோடு போட்டு, பிறகு தளர்த்துங்கள். சில வண்டிகளில் அந்தக் கொக்கிக்கென்றே தனி புல்லர் உண்டு. அது இல்லாமல் தொடாதீர்கள். விசை இறங்காத ஸ்பிரிங் கையைக் கொண்டுபோகும்.

ஆர்ம் மேஜைக்கு வந்த பிறகு மூன்று வழி. முதல் வழி, 12 அல்லது 20 டன் ஹைட்ராலிக் பிரஸ். இரண்டாவது, பால் ஜாயிண்ட் பிரஸ் எனப்படும் சி வடிவக் கிளாம்ப், அல்லது தடித்த மரைக்கம்பியும் குழாய்த் துண்டுகளும். கம்பி எம்16 அளவில், 10.9 வலிமையில் இருக்கட்டும். கடையில் மீட்டர் கணக்கில் வரும் மென்கம்பியில் பாதி வேலையிலேயே மரை வழித்துவிடும். மரைக்கு நிறைய கிரீஸ், நட்டுக்கு அடியில் ஒரு திரஸ்ட் பேரிங். தள்ளும் குழாய் வெளிக்கூட்டைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும், ஏற்கும் குழாய் அதைவிடப் பெரியதாக. எந்த வழியானாலும் ஆர்மில் புஷ் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே சரியான நீளத்தில் ஒரு குழாய்த் துண்டை அண்டக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புஷ் நகருவதற்கு முன் காது வளையும். வளைந்த காதில் புது புஷ் ஒருபோதும் நேராக உட்காராது.

மூன்றாவது, பிரஸ்ஸே இல்லாத வழி. ஸ்லீவைச் சுற்றி ரப்பரில் 6 மி.மீ. டிரில்லால் நெருக்கமாகத் துளை போட்டுக்கொண்டே வந்தால் ஸ்லீவ் ரப்பரோடு கழன்று வரும். மிச்சம் வெளிக்கூடு. ஆக்ஸா பிளேடைத் துளைக்குள் விட்டு, அதன் பிறகு ஃபிரேமில் மாட்டி, உள்ளிருந்து வெளியாக ஒரே ஒரு கோடு அறுங்கள். கூட்டின் சுவர் இரண்டு மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். அறுத்த கோட்டின் அடியில் இரும்பின் நிறம் மாறி ஒரு மெல்லிய கருங்கோடு தெரிந்தால் கூடு அறுந்துவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஆர்மில் வெட்டு விழும், பின்னால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அறுத்த வாயில் உளியை வைத்து உள்பக்கமாகச் சுருட்டி அடித்தால் கூடு தளர்ந்து விழுந்துவிடும்.

கேஸ் டார்ச்சால் கொளுத்தி எடுப்பதைப் பலர் சுலபவழி என்று சொல்வார்கள். நாங்கள் சொல்ல மாட்டோம். ரப்பர் புகை விஷம். பாலி எரிந்தால் வரும் புகையில் சயனைடு வாயுவும் கலந்திருக்கும். எரியும் ரப்பர் வெடித்துத் தெறிக்கும், அதே ஆர்மில் இருக்கும் பால் ஜாயிண்டின் உறை பாழாகும், அலுமினிய ஆர்ம் என்றால் வலிமையே போய்விடும்.

இந்த மூன்றையும்விட நல்லது ஒன்று உண்டு: ஆர்மை வீட்டில் கழற்றி, புது புஷ்ஷோடு பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொடுத்து, அழுத்தி வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டுவது. கழற்றி மாட்டும் கூலிதான் பெரியது, அது மிச்சமாகிறது. வெற்றிடம் இருக்க வேண்டிய திசையை ஆர்மில் கோடு போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

வீட்டிலேயே அழுத்துவதானால், துளையின் உட்சுவரைத் துருநீக்கி எமரியால் தேய்த்து, சவுக்கார நீர் தடவுங்கள். ரப்பரில் எண்ணெயோ சாதாரண கிரீஸோ வேண்டாம். புஷ்ஷை ஃபிரீசரில் வைக்கச் சொல்வது நியாயமான யோசனைதான், ஆனால் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். 45 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் கூடு 45 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.02 மி.மீ. சுருங்கும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் நேராகப் பிடித்து நுழைய அது உதவும், தானாக விழுந்துவிடாது. அழுத்தம் எப்போதும் வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். ஸ்லீவிலோ ரப்பரிலோ அழுத்தினால் போடும்போதே ஒட்டு கிழிந்துவிடும், வெளியே தெரியாது.

பின்பக்கப் பட்டை

பட்டையில் மூன்று புஷ்: முன் கண், பின் கண், பின் கண்ணைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் மேல் முனை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம், ஒரு முனை என்று போனால் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டைத் தொடவே வேண்டாம். தொட்டால் புதுசு போடுங்கள், ஒருமுறை இறுகி நீண்டது திரும்பச் சரியாகப் பிடிக்காது. சேஸிஸ் ஸ்டாண்டில், ஆக்சில் ஜாக்கியில். பட்டையில் பளுவும் இல்லாமல் தொங்கலும் இல்லாமல் இருக்கும் உயரத்துக்கு ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பிடித்தால் போல்ட் தளர்வாகும்.

ஆகாவிட்டால், நட்டைத் தளர்த்திப் போல்ட் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். திருப்பியது ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால் போல்ட் ஸ்லீவோடு துருவில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் முறுக்குவது ரப்பரை. இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே துருக்கரைப்பான் விட்டுக்கொண்டே வந்திருந்தால் சில சமயம் இளகும். இளகாதபோது சுத்தியலால் போராடி மரையைச் சிதைப்பதைவிட, கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மின்ரம்பத்தால் போல்ட்டை அறுப்பதே நேரம் மிச்சம். பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே இருக்கும், நெருப்பு வேண்டாம்.

இங்கே எங்கள் தேர்வு: முன் கண்ணுக்கு ரப்பர். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது பட்டை முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்கத்துக்கு முன் கண் இடம் கொடுக்க வேண்டும். ஷேக்கிளின் இரண்டு முனைக்கும் பாலி போடலாம். கையாலேயே போடலாம் என்பதே பாதிக் காரணம். கல்லும் குழியுமான பாதையில் அதிகம் ஓடும் வண்டி என்றால் அங்கும் ரப்பர். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாலி. அது வெறும் சுழற்சி, கழற்ற இரண்டு போல்ட், மொத்தச் செலவில் சொற்பம், பலன் அடுத்த வளைவிலேயே தெரியும். முன் ஆர்ம்களில் மேலும் கீழும் ரப்பர். என்ஜின் எண்ணெய் சொட்டும் பழைய வண்டியில், கசிவை இப்போது அடைக்க வழியில்லை என்றால் மட்டும் மேல் ஆர்மில் பாலி.

இறுக்கும் நேரம்

எந்த புஷ் வாங்கினீர்கள் என்பதைவிட எந்த நிலையில் போல்ட்டை இறுக்கினீர்கள் என்பதுதான் ரப்பரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஸ்லீவ் சுழலாது என்று மேலே சொன்னோம். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கல் நிலைதான் ரப்பருக்கு ஓய்வுநிலை. வண்டியை இறக்கியதும் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கும். நல்ல புஷ் சில மாதங்களில் கிழிவதற்கும், "வாங்கிய சாமான் சரியில்லை" என்று சொல்லப்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்பதும் இதன் அடையாளம்.

வேலை தொடங்கும் முன், சமதரையில் வண்டி நிற்கையில் நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாட்டி, புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, சக்கரத்தை மாட்டி, கெட்டியான மரப்பலகைகளின் மேல் வண்டியை இறக்குங்கள். இரண்டடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரில் நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள். டார்ஷன் பார் வண்டியில் முதலில் உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அளவு ஒத்ததும் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஸ்லீவுக்குள் போகும் போல்ட்டின் வழவழப்பான பகுதியில் செப்புப் பசை தடவினால் அடுத்த முறை ரம்பம் தேவைப்படாது. மரையில் தடவ வேண்டாம். புத்தகத்தில் உள்ள அளவு உலர்ந்த மரைக்கு என்றால், பசை பட்ட மரையில் அதே அளவு போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும்.

பாலி வழுக்கிச் சுழல்வதால் உயரம் அவ்வளவு முக்கியமில்லை. ஆனாலும் ரப்பரும் பாலியும் கலந்த வண்டியில் எல்லாவற்றையும் ஒரே நிலையில் இறுக்கிவிடுங்கள், எது எங்கே என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆர்ம் புஷ் மாற்றியிருந்தால் முதல் வேலை வீல் அலைன்மெண்ட். தள்ளிப்போட்டால் புஷ்ஷில் மிச்சம் பிடித்தது டயரில் போய்விடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி ஒருமுறை பாருங்கள். பட்டைக் கண் போல்ட்டுகளை முதலில் பாருங்கள்.